காட்டுக்கு எடுத்துப் போகும் கத்தி

கத்தி வாங்க உத்தேசித்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்கும்போது அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: எந்த எஃகு உசத்தி? டி2, விஜி-10, எஸ்30வி என்று எங்கோ படித்த சில பெயர்களை மிகுந்த மரியாதையோடு உச்சரித்துவிட்டு, அவற்றுள் சிரேஷ்டமானது இன்னதென்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உடனே பணத்தைக் கட்டிவிடும் ஆயத்தத்தோடு காத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்ன வேலைக்காக வாங்குகிறோம் என்பதையும், அந்த வேலைக்குக் கத்தியின் வாய் எப்படிச் சரிந்திருக்கவேண்டும் என்பதையும் தீர்மானித்துக்கொள்ளாமல் எஃகின் பெயரை விசாரிப்பது வீண் சிரமம் என்பதே, நெடுங்காலமாகக் கத்திகளோடு பழகியதில் எனக்கு ஏற்பட்டிருக்கும் முடிவு. வெட்டுகிற காரியத்தைச் செய்வது வடிவம். அந்த வடிவம் எவ்வளவு நேரம் குலையாமல் நிற்கும், எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு ஈரம் பொறுக்கும் என்பவைதாம் எஃகின் பொறுப்பு.

வெளியிடங்களுக்குக் கத்தி என்றவுடன் நம்மில் பலருக்குச் சினிமாக் கத்திதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ என்ற அமெரிக்கப் படத்தில் கதாநாயகனின் இடுப்பில் தொங்கிய கத்தி, ஆர்க்கன்ஸாவைச் சேர்ந்த ஜிம்மி லைல் என்ற கைதேர்ந்த கத்திக் கொல்லர் செய்தது. முதுகில் ரம்பப் பல்லும், தூண்டில் நரம்பும் தீக்குச்சியும் வைத்துக்கொள்ளும்படி குடைந்த பிடியுமாக அது திரையில் தோன்றியதிலிருந்து, அதைப் பார்த்து மலிவாகச் செய்த போலிகள் தேசந்தோறும் கடைகளை நிறைத்தன. அலகின் வால் பிடிக்குள் நெடுக ஓடாமல் கழுத்தளவிலேயே நின்றுவிடும் அந்தப் போலிகளைக்கொண்டு ஒரு கட்டையைப் பிளக்க முயன்றவர்கள், அலகு கட்டையிலும் பிடி கையிலுமாக நின்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மெய்யாகவே ஒருவர் மலையிலோ ஆற்றங்கரையிலோ ஓரிரவு தங்குகையில் கத்தி செய்யும் ஊழியம் மிகச் சாமானியமானது: கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது, வெங்காயமும் தக்காளியும் நறுக்குவது, கூடாரத்தின் முளைக்குச்சியைக் கூராக்குவது, மீன் கிடைத்தால் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்வது, மழையில் ஊறிய சுள்ளியின் மேற்பட்டையைச் சீவித் தள்ளி உள்ளே உலர்ந்திருக்கும் மரத்தைச் சுருள் சுருளாக இழைத்து அடுப்பு மூட்டுவது. இவற்றில் எதற்கும் நாலு அங்குல அலகுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த சித்தாந்தமன்று. ‘நெஸ்முக்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ் என்ற அமெரிக்கர், 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உட்கிராஃப்ட்’ என்னும் நூலில், அக்காலத்து வேட்டைக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த கனத்த கத்திகளைத் தயவு தாட்சணியமின்றிக் கண்டித்து, மெல்லிய அலகுள்ள சிறு கத்தி ஒன்றும், மடக்குக்கத்தி ஒன்றும், சின்னக் கைக்கோடரி ஒன்றும் இருந்தால் வனத்தில் வேறொன்றும் வேண்டாமென்று வாதித்தார். பத்தரை ராத்தல் எடையே உள்ள தோணியில் தன்னந்தனியே ஏரிகளைச் சுற்றிவந்த அந்த மெலிந்த மனிதர், எதைச் சுமப்பது எதைச் சுமக்காதிருப்பது என்பதைப் பற்றிப் பேசப் பூரண அதிகாரம் உடையவர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, கனடாவில் வனவாசக் கலையைக் கற்பித்துவந்த மோர்ஸ் கோச்சான்ஸ்கியும் அதே முடிவுக்கு வந்து, விலை மலிந்த ஸ்வீடன் தேசத்துக் கத்தியையே தம்மிடம் பயின்றவர்களுக்குச் சிபாரிசு செய்தார். அவர் வாழ்ந்ததோ குளிர்காலத்தில் தீ மூட்டத் தெரியாதவன் உயிர் பிழைப்பதே துர்லபமான பிரதேசம். ஆகையால் அவருடைய சிபாரிசைச் சிக்கனத்தின் பாற்பட்டது என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

என் நண்பர் ஒருவர், கொல்லிமலைக்குப் போவதற்கென்றே, கால் அங்குலப் பருமனுள்ள கத்தி ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்கிவந்தார். அதன் எஃகில் யாதொரு குறையும் இல்லை. கைமயிரை மழிக்கும் அளவுக்குத் தீட்டியும் இருந்தது. ஆயினும் காரட்டை நறுக்கப் போனால், அது வெட்டுப்படுவதற்குப் பதிலாகப் படீரென்று விண்டு இரண்டு பக்கமும் சிதறியது. உருளைக்கிழங்கோ பாதி வழியில் கத்தியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. கூர்மை வேறு, வெட்டும் திறன் வேறு என்பதை அன்று அவர் பிரத்தியட்சமாகக் கண்டார். கத்தி என்பது அடிப்படையில் ஓர் ஆப்பு. அதன் நுனிக்கோடு பொருளின் இழைகளைப் பிரித்த மறுகணமே, பின்னால் வரும் பருமன் அத்தனையும் அந்தப் பிளவுக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைவதற்கான பலத்தைக் கொடுப்பது நம்முடைய கை. இரண்டு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் மொத்தக் கோணம் 25 பாகை என்றால், வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே அலகின் பருமன் 0.44 மில்லிமீட்டர், அதே கோணம் 40 பாகையானால் 0.73 மில்லிமீட்டர். காகிதத்தில் அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசத்தை, காய்ந்த குச்சி ஒன்றைச் சீவத் தொடங்கியதுமே மணிக்கட்டு சொல்லிவிடும். ஆகவே கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பதுபோல முதுகின் பருமனைப் பார்த்து மகிழ்ந்துபோகாமல், வாய்க்கு நேர் பின்னால், தீட்டிய சரிவு தொடங்குகிற இடத்தில் அலகு எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பதே பிரதானம்.

அப்படியானால் கோணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். சவரக்கத்தியின் கோணம் பதினாறு பாகையை ஒட்டியது. மயிரைத் தவிர வேறெதையும் அது வெட்டவேண்டியதில்லை, ஆதலால் பிழைத்திருக்கிறது. அதைக்கொண்டு ஒரு மரக்கணுவைச் சீவினால், எஃகு மிருதுவாக இருந்தால் வாய் மடங்கும், கடினமாக இருந்தால் பொடிந்து உதிரும். கோடரியோ முப்பது பாகைக்கு மேற்பட்ட கோணத்தோடு, ஓங்கி அடிக்கும் அடியை நம்பி வாழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதுதான் வெளியிடத்துக் கத்தியைச் செய்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி விடை கண்டிருக்கிற பிரச்சினை.

ஸ்வீடனில் டாலர்னா பிரதேசத்து மோரா வட்டாரத்தார் கண்ட விடையை முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதுவே எல்லாவற்றிலும் எளியது. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய எரிக் ஃப்ராஸ்ட் என்பவர் 1891ஆம் ஆண்டில் அங்கே மரம் ஏற்றும் சறுக்குவண்டிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கியபோது, தம் தொழிலாளர்கள் கையில் வைத்துக்கொள்வதற்கென்று செய்யத் தொடங்கிய கத்தியே பிற்பாடு வண்டியை மறக்கடித்துப் பிரசித்தி பெற்றது. இன்று எங்கும் கிடைக்கிற ‘கம்பேனியன்’ என்ற சாதாரண மோராக் கத்தியின் அலகு பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டரை மில்லிமீட்டர் பருமன். முதுகிலிருந்து பாதிக்கு மேல் அலகு ஒரே பருமனாக இறங்கிவந்து, அப்புறம் சட்டென்று ஒரே நேர்ச்சரிவாக வாயில் போய் முடிகிறது. அந்தச் சரிவு ஏறத்தாழ 25 பாகைக் கோணத்தில் அமைந்தால் அதன் அகலம் ஐந்தரை மில்லிமீட்டர் சொச்சம் வரும். மரத்தை இழைக்கும்போது அந்த அகன்ற சரிவு உளியின் சரிவைப் போலவே மரத்தின்மேல் படிந்து, எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதை நம் விரலுக்கு உணர்த்திக்கொண்டே போவதால், தலைமயிர் பருமனில் சுருள் எடுப்பதும் ஆழமாக வெட்டு வெட்டுவதும் ஒன்றுபோலக் கைவசப்படுகின்றன. தீட்டும்போதும் அதே சௌகரியம்: சரிவு முழுவதையும் கல்லின்மேல் படியவைத்துத் தேய்த்தால் கோணம் தானே அமைந்துவிடுகிறது, கோணத்தை ஊகித்துப் பிடிக்கும் வித்தையைக் கற்காதவர்கூட அரைமணி நேரத்தில் நல்ல கூர் கொண்டுவந்துவிடலாம். புதிதாகக் கத்தி வாங்குகிறவருக்கு நான் இதையே முதலில் காட்டுவதற்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

ஆனால் அந்தக் கத்தி பிறந்தது பைனும் பிர்ச்சும் வளர்கிற பூமியில் என்பதை மறந்துவிடக்கூடாது. மிருதுவான அந்த மரங்களைச் சீவிப் பழகிய நுண்ணிய வாய், நம் பக்கத்து வேலங்கட்டையிலும் புளியங்கட்டையிலும் போய் மோதும்போது சில இடங்களில் மடங்கிப்போவதைப் பார்க்கலாம். இதற்காகக் கத்தியை வெறுக்கவேண்டியதில்லை. கல்லில் இரண்டு மூன்று இழுப்பு சற்றே நிமிர்த்திப் பிடித்து இழுத்து, வாயின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டாவது சரிவு ஒன்றை உண்டாக்கிவிட்டால் மடங்குவது நின்றுவிடும். சமையலில் அது சுமார் ரகந்தான். ஒரே பருமனான அலகின் தோள் கிழங்கைப் பிளக்குமே தவிர நறுக்காது.

நறுக்குவதுதான் பிரதான வேலை என்பவர் பிரான்சு தேசத்து ஒபினெல் மடக்குக்கத்தியைப் பார்க்கவேண்டும். சவாய் மலைப் பிரதேசத்தில் ஜோசஃப் ஒபினெல் 1890ஆம் ஆண்டில் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய அது, இன்றுவரை ஒரு மரப்பிடியும் ஒரு மெல்லிய அலகும் ஒரு வளையமுமாகவே இருந்துவருகிறது. அலகு திடீரென்று மடங்கி விரலை நறுக்காதபடி தடுக்கும் அந்த வளையம்கூட 1955ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். பருமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரொட்டியும் பழமும் பாலாடைக்கட்டியும் அதன் முன்னே எதிர்ப்பின்றி வழிவிடும். கட்டையின்மேல் வைத்து அடித்துப் பிளக்க அதை உபயோகிப்பது மகா பாவம். அடைமழைக் காலத்தில் மரப்பிடி ஈரம் குடித்து ஊதிப்போய் அலகைத் திறக்கவிடாமல் அடம்பிடிப்பதும் உண்டு. பிடியைக் காயவைத்து, அலகு சுழலும் ஆணியருகே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கே அது லாயக்கு.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது ஃபெல்க்னிவன் நிறுவனத்தின் எஃப்1. ஸ்வீடன் விமானப்படை 1995ஆம் ஆண்டில் தன் விமானிகளுக்கென்று தேர்ந்துகொண்ட கத்தி அது. விமானம் வீழ்ந்து பனிக்காட்டில் தனியே நிற்பவனுக்குக் காரட் நறுக்குவது ஒரு பிரச்சினையே அன்று. கத்தி ஒடிந்துபோகக் கூடாது என்பது ஒன்றே கவலை. ஆதலால் நாலரை மில்லிமீட்டர் பருமன். சரிவும் நேர்கோடாக இல்லாமல் வெளிப்புறம் குவிந்து, வாய்க்குப் பின்னால் கொஞ்சம் சதை வைத்ததாக இருக்கிறது. அவ்வாறு குவிந்த வாய் கட்டைக்குள் இறங்கும்போது பிளவை அகட்டி விலக்கிவிடுவதால் சிக்கிக்கொள்வதில்லை. அடியையும் பக்கவாட்டு முறுக்கலையும் தாங்குகிறது. ஆனால் தட்டையான கல்லில் அதைத் தீட்டினால் குவிவு போய்விடும். மெத்தென்ற தோலின்மேல் உப்புத்தாளை விரித்து, கத்தியைப் பின்னோக்கி இழுத்துத் தீட்டப் பழகவேண்டும். சரிவு உட்புறமாகக் குழிந்த ஜாதி ஒன்றும் உண்டு. அமெரிக்கக் கத்தித் தொழிலின் ஆசாரியர்களில் ஒருவரான பாப் லவ்லெஸ் வேட்டைக்காரர்களுக்காகச் செய்த கத்திகள் அவ்வகையானவை. தோலுரிக்க உத்தமம், மரவேலைக்கு உதவாது, நமக்கு அதோடு சம்பந்தம் குறைவு.

இனி எஃகு. இரும்போடு நூற்றுக்கு அரைப்பங்கிலிருந்து ஒன்றரைப் பங்குவரை கார்பன் சேர்ந்ததே கத்திக்கு உரிய எஃகு. 1095 என்று அமெரிக்கர் எண்ணிட்டு அழைக்கும் சாதாரண எஃகில் கார்பன் 0.95 சதவிகிதம். அதை எண்ணூறு டிகிரி அளவில் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் சட்டென்று தோய்த்தால், உள்ளிருக்கும் கார்பன் வெளியேற அவகாசமின்றி அகப்பட்டுக்கொண்டு, எஃகு மிகக் கடினமாகவும் அதே அளவுக்கு நொறுங்கும் சுபாவமுள்ளதாகவும் மாறிவிடுகிறது. பின்னர் இருநூறு டிகிரி அளவில் மறுபடியும் இதமாகச் சூடு காட்டினால் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெற்றுக்கொள்கிறது. உலையடியில் நிற்கும் கொல்லர், தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின்மேல் முதலில் வைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும் ஊதாவும், கடைசியில் நீலமும் ஓடிவருவதைப் பார்த்து இந்தப் பதத்தை அறிகிறார். தொழிற்சாலைக்காரர்கள், வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தால் எஃகில் அழுத்தி, பதிந்த ஆழத்தைக்கொண்டு ராக்வெல் எண் என்று ஒன்றைக் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். அரத்தின் எண் அறுபத்திரண்டுக்கு மேல். மோராக் கத்தி ஐம்பத்தேழிலிருந்து அறுபதுக்குள் நிற்பது. ஐரோப்பியச் சமையல் கத்தி அதைவிடச் சற்று இறங்கியது. ஒரே எஃகை ஐம்பத்துநாலிலும் நிறுத்தலாம், அறுபதிலும் நிறுத்தலாம். இரண்டும் பெயரளவில் ஒன்றே, கையில் வேறு வேறு கத்திகள். பெயரை மட்டும் பொறித்துவிட்டு இந்த எண்ணைச் சொல்லாமல் மறைக்கும் வியாபாரியிடம் நான் எச்சரிக்கையாகவே இருப்பேன். பக் என்ற அமெரிக்க நிறுவனம் 420எச்சி என்னும் மலிவான எஃகையே வைத்துக்கொண்டு, பால் பாஸ் என்ற நிபுணரின் தோய்ச்சல் முறையால் அதற்கு நற்பெயர் வாங்கிக்கொடுத்திருப்பது இதற்கு நேர்மாறான உதாரணம்.

எஃகின் குணம் முழுவதும் அதில் கலந்திருக்கும் ஏதோ ஒரு ரகசியப் பொருளில் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்றைய விளம்பரக்காரர்கள் உண்டாக்கியதன்று. தென்னிந்தியாவில் மூசையில் இட்டு உருக்கிய எஃகுக் கட்டிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஜார்ஜ் பியர்சன் 1795ஆம் ஆண்டில் அந்த எஃகைப் பற்றி ராயல் சொஸைட்டியில் கட்டுரை வாசித்தார். பிற்பாடு மின்சார சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே, இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாத 1819ஆம் ஆண்டில், அதைப் பகுத்துப் பார்த்து அதன் விசேஷத்துக்கு அலுமினாவும் சிலிக்காவுமே காரணம் என்று கருதினார். மேதையின் யூகம் தவறிற்று. அந்த எஃகில் பிரதானமாக இருந்தது ஒன்றரை சதவிகிதத்தை ஒட்டிய கார்பன்; அதை இயக்கிய ஆற்றல் மிதமான சூட்டில் பொறுமையாக அடித்து நீட்டிய கைகளுடையது. ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெண்சூடு ஏற்றி அடித்ததில் அதே கட்டிகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. ஆயினும் ஃபாரடேயின் முயற்சி வீண்போகவில்லை. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியோடு சேர்ந்து பற்பல உலோகங்களை எஃகில் கலந்து அவர் செய்த சோதனைகள், கலப்பு எஃகு என்ற துறைக்கே தொடக்கமாயின.

அந்தத் துறையின் பெரிய பலன் 1913ஆம் ஆண்டில் ஷெஃபீல்டில் கிடைத்தது. துப்பாக்கிக் குழாய்கள் அரித்துப்போவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 12.8 சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகு அமிலத்தில் கரையாமல் நின்றதைக் கவனித்து, அதைச் சாப்பாட்டுக் கத்திக்கு உபயோகிக்கலாம் என்று கத்திக்காரர்களிடம் கொடுத்தார்; அதைக் காய்ச்சும் பதம் தெரியாத அவர்கள் செய்த முதற்கத்திகள் படுமோசமாக அமையவே, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர் என்று ஊரில் அவரைப் பரிகசித்தார்கள். துருப்பிடிக்காத எஃகு மழுங்கும் என்று நம்மவர் இன்னமும் சொல்வதில் அந்தப் பரிகாசத்தின் மிச்சம் இருக்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு வேறு ஜாதி. அதை எத்தனை காய்ச்சினாலும் எதில் தோய்த்தாலும் கடினப்படாது. கத்திக்கு உரியது காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்தக்கூடிய இனம். மோராவில் பயன்படும் 12சி27 அவ்வினத்தைச் சேர்ந்தது, 0.6 சதவிகிதம் கார்பனும் 13.5 சதவிகிதம் குரோமியமும் கொண்டது.

இங்கே ஒரு சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டால் பெயர்களின் பிரமிப்பு பெரும்பாலும் தெளிந்துவிடும். எஃகில் கார்பனும் மற்ற உலோகங்களும் மிகுந்துபோனால், இரண்டும் கூடிக் கார்பைடு என்ற மிகக் கடினமான பரல்களாகத் திரண்டு, சிமென்டில் ஜல்லி கிடப்பதுபோல எஃகுக்குள் கிடக்கின்றன. பரல் அதிகமானால் வாய் தேயாது. பரல் பெரிதானால் வாய் பெயர்ந்து உதிரும். டி2 எஃகில் குரோமியம் பன்னிரண்டு சதவிகிதம் இருந்தும் அது துருப்பிடிப்பதற்குக் காரணம், ஒன்றரை சதவிகிதக் கார்பன் அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கைப் பரலுக்குள் இழுத்துக்கொண்டுவிடுவதுதான். எஃகைத் தூளாக்கி மறுபடியும் அழுத்திச் சேர்க்கும் முறையால் பரலைச் சிறிதாக்க வழி கண்ட பிறகு, அமெரிக்காவின் குரூஸிபிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் எஸ்30வி என்ற எஃகைக் கத்திக்கென்றே கொண்டுவந்தது. 2021ஆம் ஆண்டில் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வகுத்த மாக்னாகட், குரோமியப் பரலே உண்டாகாதபடி அமைந்ததால், 10.7 சதவிகிதக் குரோமியத்தைக்கொண்டே துருவை எதிர்த்து நிற்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சிலிக்கா கலந்த அட்டைகளை இயந்திரத்தால் வெட்டி வெட்டி எஃகுகளை ஒப்பிட்ட அதே லாரின் தாமஸ், வாய் எவ்வளவு நேரம் வெட்டும் என்பதில் எஃகை மாற்றுவதைவிடக் கோணத்தைக் குறைப்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று எழுதியிருக்கிறார். புது எஃகைப் படைத்தவரே சொன்ன சாட்சியம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

ஆக எந்த எஃகு என்றால், இருக்குமிடத்தையும் ஈரத்தையும் பார்த்துச் சொல்லவேண்டும். கடலோரத்தில் குடியிருப்பவரும், மீன் பிடிக்கப் போகிறவரும், கத்தியைக் கழுவித் துடைத்து வைக்கும் வழக்கமில்லாதவரும் துருப்பிடிக்காத எஃகை வாங்குவதே விவேகம். உப்புக்காற்றில் வெறும் கார்பன் எஃகு ஓரிரவில் செம்புள்ளி போட்டுவிடும். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கினால் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு துருவன்று. நாளடைவில் அது ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து செந்துரு வராமல் ஓரளவு காக்கவும் செய்கிறது. துடைத்து உலர்த்தி ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவத் தயங்காதவருக்குக் கார்பன் எஃகு நல்ல துணை. தீட்டுவதற்கு அதைப்போல இணங்கிவரும் எஃகு இல்லை. எப்படியானாலும் தோலுறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளேயே அலகை அரித்துவிடும்.

புதர் மண்டிய வெப்பப் பிரதேசத்துக் காட்டில் வழி திறப்பது இவை எதற்கும் அடங்காத தனி வேலை. பச்சைக்கொடியும் மூங்கிற்குருத்தும் கனத்த கத்திக்கு வெட்டுப்படுவதில்லை, வேகத்துக்கு வெட்டுப்படுகின்றன. அதனால்தான் பிரேசிலிலும் மத்திய அமெரிக்காவிலும் மச்செத்தி என்ற கத்தி இரண்டு மில்லிமீட்டர் பருமனில், முக்கால் முழத்துக்கும் மேல் நீண்டு, கல்லில் மோதினாலும் உடையாதபடி மிருதுவாகத் தோய்க்கப்பட்டு, வேலை நடுவே அரத்தாலேயே தீட்டிக்கொள்ளும்படி இருக்கிறது. நம் கொல்லர்கள் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்து நீட்டிச் செய்யும் அரிவாளும் அதே நியாயத்தை அனுசரித்ததுதான்; ஸ்பிரிங்குக்கு உரிய எஃகில் கார்பன் அரை சதவிகிதத்தை ஒட்டியே இருப்பதால் அது வளைந்துகொடுக்கும், பொடியாது. திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் சினிமாவில் அடிபடுவதைப் பார்த்து மிரண்டவர்கள், தென்னந்தோப்பில் மட்டை கழிப்பவர் கையில் அரிவாள் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். நுனிக்குக் கிட்டே எடை கூடி வளைந்திருக்கும் அந்த அமைப்பு, வெட்டுப்படும் பொருளை வழுக்கி ஓடவிடாமல் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

சட்ட விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒருவரும் இதைக் கேட்பதில்லை. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூலமான அனுமதியின்றி ஆயுதம் எடுத்துச் செல்லலாகாது என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குக் கூறும் விளக்கத்தில் கத்தியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆயுத விதிகளோ, வீட்டு உபயோகம், விவசாயம் முதலியவற்றுக்கென்று செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ இருந்தால் அதை ஆயுத வகையில் சேர்த்துவிடுகின்றன. நாலு அங்குலக் கத்தியோடு நின்றுகொள்ள இதுவும் ஒரு காரணம்.

கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் மிச்சப்படுத்திக் கல் வாங்குங்கள். 12சி27, 1095 போன்ற எளிய எஃகுகளுக்கு, முரடு ஒருபக்கம் மிருது ஒருபக்கமாக வரும் சாதாரணச் சாணைக்கல்லே போதும். வனேடியம் மிகுந்த எஸ்30வி ரகங்களில் உண்டாகும் பரல்கள் அந்தக் கல்லைவிடக் கடினமானவை, ஆதலால் அவற்றுக்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். காட்டில் வாய் மழுங்கி ஆற்றங்கல்லைத் தேடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மிகச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கல்லை நனைத்து, சரிவு படியப் பிடித்து, ஒருபக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் விரலுக்கு உறைக்கும்படி பிசிர் எழும். வாயின் முழு நீளத்திலும் பிசிர் எழுந்த பிறகே கத்தியைத் திருப்பவேண்டும், பாதியில் திருப்புகிறவர் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கூர் வராது. இரண்டு பக்கமும் முடிந்ததும் பாரத்தைக் குறைத்துக்கொண்டே மாறிமாறித் தேய்த்து, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னாக நாலைந்து முறை இழுத்துவிட்டு, நாளிதழ்த் தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக அறுத்துப் பாருங்கள். தாள் எந்த இடத்தில் சரசரவென்று கிழிந்து இழுபடுகிறதோ, வாயில் அதற்கு நேரான இடத்தில் இன்னும் பிசிர் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.